பரணுக்குக் கீழே யார் நிற்பது?

அத்தியாயம் பதினொன்று

அண்ணனுடைய வண்டி வருவதற்கு முன்பே பொடிசு வந்துவிட்டாள். கார் ஷெட் வாசலில் ஏணியைச் சாய்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் வண்டியை விட்டு இறங்கும்போது முதலில் தன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"இப்படி முறைச்சா ஏணியே பயந்து படுத்துக்கும்," என்றாள் வெல்டரக்கா, இரும்புச் சட்டங்களை இறக்கியபடியே. "கொஞ்சம் சிரியேன்டி."

"வேலை முடியட்டும். சிரிக்கிறேன்."

பொடிசு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். முப்பதைத் தாண்டியும் அது அவளை விடவில்லை. ஆள் குள்ளம். ஆனால் ஏணியில் ஏறிவிட்டால் அவளுக்கு நிகராக நிற்க ஆள் கிடையாது. கார் ஷெட்டின் கான்கிரீட் கூரையிலிருந்து இரும்புப் பரண் தொங்கவிடுவது அவள் தொழில். கீழே கார் நிற்கும். தலைக்கு மேலே பெட்டி, பழைய சைக்கிள், பெயின்ட் டப்பா, எதற்கென்றே தெரியாமல் சேர்த்து வைத்த சாமான் எல்லாம் உட்கார்ந்திருக்கும். சுவரைத் தொடாமல், மூலைக்கொரு சட்டம் கொடுத்துப் பரணைத் தொங்கவிடலாம் என்று யோசித்து வரைந்தவள் அவள். வீடு வீடாகப் போய்ப் பேசி விற்றவன் அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய கம்பெனி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில் பரண் விழும் வரைக்கும்.

டிரைவர் குனிந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரண் அவர் வலது தோளில் வந்து இறங்கியது. அந்தக் கை இன்றைக்கும் சட்டைப் பொத்தானுக்கு மேலே உயராது.

அதை மாட்டியது அண்ணன். அன்றைக்குப் பொடிசு காய்ச்சலில் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தாள். ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன் கண் கலங்கச் சொன்னான்: "என் தங்கச்சிதாங்க மாட்டினா. தெரியாமப் பண்ணிட்டா. அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

பக்கத்தில் நின்ற அண்ணி தலையாட்டினாள். "ஆமாங்க. அவதான் ஏணியில இருந்தா. நானே பார்த்தேன்."

அந்த ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. கம்பெனி அவள் கையைவிட்டுப் போயிற்று, வீடு போயிற்று, பேச்சு நடந்துகொண்டிருந்த கல்யாணமும் போயிற்று. வெல்டரக்காவின் பட்டறையில் ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள் பொடிசு.

இந்தப் புதுக் குடியிருப்பில் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார் ஷெட். எல்லாவற்றுக்கும் பரண் மாட்டும் வேலைக்கு அண்ணன், தங்கை இருவருமே கேட்டிருந்தார்கள். "பேச்சு வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு மாட்டுங்க. பாரம் ஏத்திப் பார்த்துடலாம்" என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரம்மா சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த யோசனையைச் செயலாளரம்மா காதில் போட்டதே பொடிசுதான் என்பது வெல்டரக்காவுக்குக்கூடத் தெரியாது.

அண்ணன் வந்தான். தலை வாரி, சட்டையில் மடிப்புக் கலையாமல், கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்தான். பின்னாலேயே அண்ணியும் இறங்கினாள்.

"அட, பொடிசு!" என்றான், நேற்றுதான் பார்த்துப் பிரிந்தவன் போல. "இளைச்சிட்டியே. சாப்பிடறியா இல்லையா?"

"நல்லா சாப்பிடறேன். இன்னிக்கு இன்னும் நல்லாவே சாப்பிடுவேன்."

அவன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை, பொடிசைப் பார்க்கவும் இல்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

இரண்டு கார் நிற்கக்கூடிய அகலமான ஷெட் அது. இடது பாதி பொடிசுக்கு, வலது பாதி அண்ணனுக்கு. செயலாளரம்மா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை. வேறு பொழுதுபோக்கும் இல்லை.

"தொடங்கலாம்," என்றார் செயலாளரம்மா.

இரண்டு டிரில் மிஷினும் ஒரே நேரத்தில் அலறின.

கூரையின் அடியில் பூச்சு தடிமனாக இருந்தது. அதைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் போல்ட் இறங்க வேண்டும். இறங்கினால்தான் பிடிக்கும். பூச்சோடு நின்றுவிட்டால் சாமானோடு பரண் தரைக்கு வந்துவிடும். பொடிசு நிதானமாகத் துளை போட்டாள். முதலில் வெள்ளைத் தூள் கொட்டியது. பிறகு சாம்பல் நிறத் தூள். ஒரு துளையில் கான்கிரீட்டுக்குள் ஓடும் இரும்புக் கம்பி தட்டியது; அதற்கு மேல் துளை இறங்காது. டிரில்லை நிறுத்தினாள். சட்டத்தையே கழற்றி ஒரு சாண் தள்ளிப் புதிதாகத் துளை போட்டாள்.

"ஏன்டி இழுத்தடிக்கிற? அந்தப் பக்கம் பாதி முடிச்சிட்டாங்க," என்று கீழேயிருந்து கிசுகிசுத்தாள் வெல்டரக்கா.

"முடிக்கட்டும்."

அப்போதுதான் வலது பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. கீச்சென்று, பல் கூசுகிற சத்தம். அண்ணனுடைய டிரில் கம்பியில் மோதியிருந்தது.

பொடிசு திரும்பவில்லை. காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டாள். இப்போது அவன் சட்டத்தைக் கழற்ற வேண்டும், நகர்த்த வேண்டும். ஸ்பேனர் சத்தம் வர வேண்டும்.

வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பக்கத்து மூலையில் டிரில் ஓடியது. அங்கேயும் கீச்சென்று ஒரு சத்தம். மறுபடி அமைதி.

ஏணியில் இருந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணன் வாசலைப் பார்த்தான். செயலாளரம்மாவைப் பார்த்தான். தங்கையின் பரண் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தான். சட்டைப் பையிலிருந்து குட்டை போல்ட்டுகளை எடுத்தான். ஆழமில்லாத அந்த இரண்டு துளையிலும் அவற்றைத் திணித்து, பெரிய வாஷராகப் போட்டு மூடி, நட்டை முடுக்கினான். கீழே நிற்பவர்களுக்கு நான்கு மூலையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பின்பக்கத்து இரண்டு மூலையும் வெறும் பூச்சில் தொங்கின.

வருஷக்கணக்காக ராத்திரி படுத்துக்கொண்டு பொடிசு நினைத்துப் பார்த்ததெல்லாம் இதுதான். நாலு பேர் நடுவில் அவன் மாட்டியது அவன் கண் முன்னாலேயே விழ வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். "அம்மா, அந்த மூலையைக் கொஞ்சம் கழட்டிப் பாருங்க" என்றால் போதும்.

அவள் சொல்லவில்லை. தன்னுடைய கடைசி நட்டை முடுக்கிவிட்டு இறங்கினாள்.

பாரம் ஏற்றினார்கள். குடியிருப்புக்காரர்களே கொண்டுவந்த டயர்கள், பெட்டிகள், மணல் மூட்டைகள். பொடிசின் பரண் ஒரு முறை முனகிவிட்டு அசையாமல் நின்றது. செயலாளரம்மா குடையின் கைப்பிடியால் அதை இழுத்துப் பார்த்தார். சட்டத்தில் தொங்கியே பார்த்தார் ஒரு தடியர். கூட்டம் சிரித்தது.

அண்ணனுடைய பரணும் நின்றது.

"பார்த்தீங்களா?" என்றான் அண்ணன், கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு. "பாரம் தாங்கறது பெரிசு இல்லீங்க. யாரு வேணா தாங்க வைக்கலாம். நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? என்கிட்ட வர்ற எல்லாருக்கும் நான் காட்டறது இதுதான்." அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டினான். "வா."

பொடிசுக்குத் தெரியும். இது அவனுடைய பழைய வித்தை. ஒரு காலத்தில் பரணுக்குக் கீழே நிற்க வைத்தது பொடிசைத்தான். "என் கூடப்பிறந்தவளையே நிறுத்தறேன்னா பாத்துக்கோங்க" என்பான். அவள் போன பிறகு அந்த இடத்துக்கு அண்ணி வந்தாள்.

அதைப் பொடிசு மறந்திருக்கவில்லை. ஏணியில் நின்று வாயை மூடிக்கொண்டபோதே அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. வந்தும் மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணி போய்ப் பரணுக்கு நேர் கீழே நின்றாள். பழகிய புன்னகை ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டாள். யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

'நானே பார்த்தேன்' என்ற குரல் பொடிசின் காதில் ஒலித்தது. விழட்டும் என்று நினைத்தாள். அந்தத் தலையாட்டின தலைமேலேயே விழட்டும்.

பின்பக்கத்து மூலையிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அண்ணியின் வகிட்டில் விழுந்தது. இமையில் விழுந்தது. அவள் கண்ணைச் சிமிட்டினாள், புன்னகை மட்டும் கலையவில்லை.

பொடிசு அண்ணனைத் தேடினாள். அவன் வாசலருகே நின்றிருந்தான். பரணின் நிழல்கூடப் படாத இடம் பார்த்து நின்றிருந்தான். அவன் கண் அடிக்கடி அந்த மூலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

விழுந்தால் அண்ணிமேல் விழும். இவன்மேல் ஒரு தூசி படாது. கண் கலங்கி இன்னொரு கதை சொல்வான். இந்த முறை யார் பெயரைச் சொல்வானோ!

"அண்ணி, நீங்க வெளிய வாங்க," என்றாள் பொடிசு. ஷெட் முழுக்க அந்தக் குரல் கேட்டது. "அண்ணன் நிக்கட்டும்."

அண்ணன் சிரித்தான். "இதென்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. மாட்டினது நீ. நம்பிக்கையும் உன்னோடது. நீயே நில்லேன்."

"எனக்கு இவங்களோட பேச வேண்டியது இருக்கு."

"அங்க நின்னும் பேசலாமே சார்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நாலு வார்த்தை அங்கருந்தே பேசுங்க, கேக்கறோம்," என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

செயலாளரம்மா சிரிக்கவில்லை. "போய் நில்லுங்க," என்றார்.

அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தான். தலையைத் தூக்கி அந்த மூலையைப் பார்த்தான். எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவ்வளவையும் அண்ணி பார்த்துவிட்டாள். அவன் பார்த்த இடத்தை அவளும் அண்ணாந்து பார்த்தாள். வாஷரைச் சுற்றிப் பூச்சில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. இமையிலிருந்த தூளை விரலால் தொட்டு எடுத்து, அதையும் பார்த்தாள்.

புன்னகை போய்விட்டது. ஆனால் அவள் நகரவில்லை.

"வா, போதும்," என்றான் அண்ணன். "படம் எடுத்துட்டாங்க."

"ஏங்க, நான் நின்னா என்ன?"

"வான்னு சொல்றேன்ல?"

"நிக்கச் சொன்னது நீங்கதானே? இவ்வளவு நாளும் எத்தனை வீட்டுல நின்னிருக்கேன். ஒரு தடவை வேணாம்னு சொன்னதுண்டா? இன்னிக்கு மட்டும் ஏன் கூப்பிடறீங்க?"

"அண்ணி, வாங்க," என்றாள் பொடிசு. இப்போது அவள் குரல் மாறியிருந்தது. "எதுவா இருந்தாலும் வெளிய வந்து பேசுங்க."

"நீ சும்மா இரு. நான் என் புருஷனைக் கேக்கறேன்." அண்ணியின் கண் அவன்மேலேயே இருந்தது. "ஏன்னு சொல்லுங்க. சொன்னா வர்றேன்."

மேலே ஏதோ ஒன்று நெரிந்தது. ஒரு பிடி தூள் கொத்தாக உதிர்ந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தார்கள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு முறை நெரிந்தது.

"விழுந்துடும்டி!" என்று கத்தினான். "பின்னாடி ரெண்டும் பிடிக்கல! வந்து தொலை!"

படம் பிடித்துக்கொண்டிருந்தவர் போனைக் கீழே இறக்கினார்.

அண்ணி தலையை அசைத்தாள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தவள் மாதிரி. பிறகு கடையில் சாமான் வாங்கிவிட்டுத் திரும்புகிறவளைப் போல நடந்து வெளியே வந்தாள். ஓடவில்லை.

அவள் வாசலைத் தாண்டினாளோ இல்லையோ, பின்பக்கத்து இரண்டு மூலையும் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. பரண் ஊஞ்சல் மாதிரி முன்பக்கத்துப் பிடியில் மட்டும் தொங்கிச் சரிந்தது. பெட்டிகள் உருண்டன. மணல் மூட்டை தரையில் அறைந்து வெடித்தது. ஒரு டயர் எழும்பிக் குதித்து, யாரையும் தொடாமல், நிதானமாக உருண்டு தெருவுக்குப் போயிற்று.

தூசி மெல்ல அடங்கியது.

"இந்தம்மா தலை இருந்திருக்கும் அந்த இடத்துல," என்றார் செயலாளரம்மா, மணலைப் பார்த்தபடி. எழுந்தார். "வேலை இந்தப் பொண்ணுக்கு. இதுல இனிமே யோசிக்க ஒண்ணும் இல்ல."

வெல்டரக்கா பொடிசின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவளுடைய சந்தோஷம் எப்போதும் கொஞ்சம் வலிக்கும்.

ஆனால் பொடிசுக்கு அது போதவில்லை. நேரே அண்ணன் முன்னால் போய் நின்றாள். அவன் மண்டியிட்டு மணலுக்குள் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"டிரைவர் வீட்டுல மாட்டினது யாரு?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"இவங்க முன்னாடி சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு. அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"எந்த டிரைவர்?" என்று கேட்டார் செயலாளரம்மா.

"அண்ணனையே கேளுங்கம்மா."

அண்ணன் நிமிரவில்லை. மணலைக் கையால் வாரி வாரித் தள்ளினான். ஸ்பேனர் கிடைத்தது. அதைச் சட்டை நுனியில் துடைத்தான். நட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். குனிந்த அவன் பின்னந்தலையில் முடி உதிர்ந்து வழுக்கை தெரிந்தது. அது அவளுக்குப் புதிது.

இந்த நாளைப் பற்றி அவள் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். அவன் அழுவான் என்று நினைத்தாள், காலில் விழுவான் என்றுகூட நினைத்தாள். அவன் நட்டுப் பொறுக்கிக்கொண்டிருப்பான் என்று மட்டும் நினைக்கவில்லை. நின்று நின்று கால் வலித்தது. திரும்பி நடந்தாள்.

வெல்டரக்காவின் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தாள். தலையிலிருந்த தூளை இன்னும் தட்டவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்க வரல," என்றாள் எடுத்த எடுப்பில்.

"நான் குடுக்கறதாவும் இல்ல."

"உனக்குத் தெரிஞ்சிருந்தது இல்ல? நான் போய் நிக்கும்போதே தெரிஞ்சிருந்தது."

பொடிசு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"நீங்களும் அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

அண்ணி அதை வாங்கிக்கொண்டாள். கோபப்படவில்லை.

"உனக்கு இன்னிக்கோட தீர்ந்துபோச்சு," என்றாள் அண்ணி. "ஆர்டர் கிடைச்சது, அவர் மூக்கும் உடைஞ்சுது. எனக்கு இப்பதான் ஆரம்பிக்குது. எத்தனை வீட்டுல என்னை நிக்க வெச்சார்னு யோசிச்சுப் பார்க்கறேன். அதுல எங்கெல்லாம் போல்ட் பிடிச்சிருந்தது, எங்கெல்லாம் பிடிக்காம இருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியும்."

பொடிசு கயிற்றின் மறுமுனையை எடுத்து ஏணியில் சுற்றினாள்.

"அந்த டிரைவர் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"எதுக்கு?"

"நீ அப்பப்ப போய் அவரைப் பார்ப்பேன்னு கேள்விப்பட்டேன். வழி சொல்லு."

அண்ணியின் முகத்தைப் படிக்கப் பார்த்தாள் பொடிசு. அதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அந்த முகத்துக்குப் பதில் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். பாலத்தைத் தாண்டி, ரொட்டிக் கடைக்குப் பக்கத்துச் சந்து, பச்சை கேட்.

அண்ணி திரும்பிப் போனாள்.

அண்ணன் தன் வண்டியருகே நின்று சாவியைத் துளையில் நுழைக்கத் தடுமாறிக்கொண்டிருந்தான். அண்ணி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"குடுங்க. கை நடுங்குது உங்களுக்கு. நான் ஓட்டறேன்."

அந்தக் குரல் தேனாக இருந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் நிம்மதி பரவியதை இங்கிருந்தே பொடிசால் பார்க்க முடிந்தது. இவள் புரிந்துகொண்டாள், வழக்கம்போல விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"இவங்க கதை இவ்வளவுதானா?" என்றாள் வெல்டரக்கா. "வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடிச்சா எல்லாம் சரியாயிடும் போல."

பொடிசின் கண் அண்ணன் வண்டிமேலேயே இருந்தது. குடியிருப்பின் வாசலில் வண்டி கொஞ்சம் நின்றது. அவர்கள் வீட்டுக்குப் போக இடதுபக்கம் திரும்ப வேண்டும்.

வண்டி வலதுபக்கம் திரும்பியது.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் கண்ணைத் திறப்பதும், அண்ணியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்பதும் தெரிந்தது. அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக, பச்சை கேட்டுக்குப் போகிற பாலத்தின்மேல் ஏறினாள்.